விசிறி இலைக் குளிசை

மகனே,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முதலே சொல்லியிருந்தேன். நீ மெல்பேர்னுக்குப் போவாய் என்று சொன்னேன், போனாய். போகிற இடத்தில் காற்றுத்தான் அதிகமாக இருக்கும், ஒரு பாண் வாங்குவதென்றாலும் கார் எடுக்க வேண்டிவரும் என்று சொன்னேன். அங்கே ட்ருகனினாவில் வீட்டுத் திறப்பு கைக்கு வந்த கிழமையே நீ போன் எடுத்து அதையே எனக்குத் திருப்பிச் சொன்னாய். அம்மாவின் தலைக்குப் போகிற இரத்தம் ஒரு நாள் குழப்படி செய்யும் என்று, வேறு எவருக்கும் அந்த நினைப்பே வராத காலத்தில் நான் சொன்னேன். கடைசியில் நீ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்றும் சொன்னேன். அடுத்த கிழமை சனிக்கிழமை அதுவும் நடக்கப்போகிறது. இவ்வளவையும் முன்கூட்டியே சொன்ன மனிதனுக்கு, அவளுடைய பேச்சு முழுவதும் ஒரே ஒரு சொல்லாகச் சுருங்கிப்போகும் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

இப்போது பகல் ஒன்றரை மணி. அம்மா சாப்பிட்டுவிட்டு யன்னலோரம் சக்கரக் கதிரையில் கண்ணயர்ந்திருக்கிறாள். நான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். நான்கு நாளாக இப்படித்தான், அவள் கண்ணயரும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பிரதி உனக்கு எக்ஸ்பிரஸ் தபாலில் வரும். இன்னொன்றைத் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். மலர்க்குழுவினர் மூன்று வருடமாக என் காலைப் பிடிக்காத குறையாக உடல்நலக் கட்டுரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரி, ஒரு தரம்தான் கேட்டார்கள், அதுவும் இங்கே சிட்னியில், நம்முடைய பென்டில் ஹில் மரக்கறிக் கடை வாசலில், மழை விடும்வரை நின்றபோது. எப்படியோ கேட்டார்கள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் ஒரு கதை சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "அப்பா, இது முழுசா, அரைவாசியா?" என்று கேட்பாய். அரைவாசி என்றால் பாதி உண்மை, மிச்சம் என் கைச்சரக்கு. நான் "முக்கால்" என்பேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இந்தக் கடிதத்தையும் அந்தக் கேள்வியோடுதான் பிரிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, கடைசிவரை படி.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் இரண்டு வருடம் போத்தல் கழுவி லேபிள் ஒட்டினேன். இங்கே வந்து சொன்னபோது அது "கொம்பவுண்டராக இருந்தனான்" என்று ஆகிவிட்டது. அதன் பிறகு சிட்னியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளை நரம்பு வார்ட்டில் பதினாறு வருடம். மாப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் மாப் பிடிக்கிறவனுக்குக் காதை எவரும் மூடிவிடுவதில்லை. காலையில் பெரிய டொக்டர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவார். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே என் கண்ணுக்கு எப்போதும் ஒரு கறை தெரியும். அப்படித் துடைத்துத் துடைத்தே மூளையின் இரத்த ஓட்டத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. ஒரு நாள் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயே சொல்லு, இந்த மனிதனுக்கு எந்தப் பக்கம் அடைப்பு?" என்று கேட்டார், நான் சொன்னேன், சரியாக இருந்தது என்ற கதையை நீயும் கேட்டிருக்கிறாய், பென்டில் ஹில் முழுவதும் கேட்டிருக்கிறது. "டொக்டர் அங்கிள்" என்ற பட்டம் அந்தக் கதையால் வந்ததுதான். அவர் அன்றைக்கு உண்மையில் கேட்டது, அந்த வாளியைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று.

அந்த வார்ட்டில் படித்ததை நான் உனக்குத் தோட்டத்து ரப்பர் குழாயில் செய்து காட்டியிருக்கிறேன். குழாயை மிதித்தால் செடிக்குத் தண்ணீர் போகாது, அது அடைப்பு. குழாய் பிளந்தால் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் பாய்ந்து மண்ணைக் கரைக்கும், அது கசிவு. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் என்றுதான் பெயர். ஆனால் ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதுக்கு நஞ்சு. இதை நான் உனக்குச் சொன்னபோது நீ பத்தாம் வகுப்பு. சொன்ன எனக்கே அது பிறகு மறந்துபோனது.

ஓய்வுபெற்ற பிறகு நான் எடுத்துக்கொண்ட பாடம் இலை தழை. அவற்றில் இருக்கிற சத்துகள் அந்தக் குழாயில் என்ன வேலை செய்கின்றன என்பதை நான் பார்க்காத வீடியோ இல்லை. பீற்றூட் சாறு குழாயை விரிக்கும். கொக்கோவின் கசப்பும் அப்படித்தான் என்கிறார்கள். உள்ளி இரத்தத்தை இளக்கும். வல்லாரை ஞாபகத்துக்கு நல்லது என்று நீ எச்.எஸ்.ஸி. சோதனை எடுத்த வருடம் முழுவதும் சம்பல் போட்டுத் தந்தோம். நீ அதைப் பூச்சாடிக்குள் கொட்டினாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஜிங்கோ. சீன தேசத்து மரம். அதன் இலைச் சாரத்தை மாத்திரைக் குளிசையாக விற்கிறார்கள்; அது இரத்தம் திரளுவதைத் தடுத்து, மயிரிழை போன்ற குழாய்களுக்குள்ளும் அதை ஓட வைக்கும் என்றார்கள். இதில் எதுவுமே முழுப் பொய் இல்லை, மகனே. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அந்தக் குளிசை ஒரு கேடும் செய்யாமல் வயிற்றுக்குள் கரைந்து போயிருக்கும்.

ஜிங்கோ மரத்தை உன் அம்மாவுக்கு முதலிலேயே தெரியும். நான் வேலை செய்த ஆஸ்பத்திரியின் கார் தரிப்பிடத்தில் இரண்டு நின்றன. இங்கே இலையுதிர்கிற மே மாதத்தில் ஒரேயடியாக மஞ்சளாகிவிடும். என்னை ஏற்ற வந்து காத்திருக்கிற நேரத்தில் அவள் ஒரு இலையைப் பொறுக்கி வைத்திருப்பாள். சின்ன விசிறி போல இருக்கும் அது. நான் காருக்குள் ஏறியதும் என் முகத்துக்கு நேரே அதை ஆட்டி, "வேர்க்குதோ, டொக்டர்?" என்று கேட்பாள். அவளும் என்னை அப்படிக் கூப்பிடுவாள், ஆனால் அவள் கூப்பிடும்போது மட்டும் அது பட்டமாக இருக்காது.

அவள் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மறக்கத் தொடங்கியதும், கெல்லிவில்லில் ஒரு பிறந்தநாள் வீட்டில் உன் பெயர் வராமல் தடுமாறி நின்றதும் உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். டொக்டரிடமும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டில் ஒரு டொக்டர் இருக்கும்போது ஏன் என்று நினைத்தேன். அடுத்த நாளே ஜிங்கோக் குளிசை ஒரு போத்தல் வாங்கி வந்தேன்.

"உது என்ன, புதுசா?" என்று கேட்டாள்.

"மூளைக்கு."

"எனக்கோ, உங்களுக்கோ?"

"ரெண்டு பேருக்கும்தான். முதல்ல நீர் ஒண்டைக் குடியும், பாப்பம்."

"அப்ப என்னிலதான் பரிசோதனை," என்று சொல்லிப் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். லேபிளில் இலையின் படம் இருந்தது. "ஐயோ, இது எங்கட விசிறி இலை!" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அதற்கு விசிறி இலைக் குளிசை என்று பெயர். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. நான் ஒரு நாளும் குடிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பை அவள் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி சரியாகிவிட்டது. மத்தியானம் கையும் வாயும் பழையபடி. சின்ன அடைப்பு, தானாகக் கரைந்துவிட்டது என்றார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதால் இரத்தம் கட்டிபட்டு மேலே போகிறது, இனி இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை நாள்தோறும் எடுக்க வேண்டும் என்றார்கள். அது நான் மாப் பிடித்த அதே வார்ட். தரையைப் பார்த்தேன், என் காலத்தில் இருந்த மினுக்கம் இல்லை. வந்தவர் போனவர் எல்லோருக்கும் நான் சொன்னேன்: "என்ர இலைக் குளிசை இல்லாட்டி இது பெரிசா வந்திருக்கும்." அதை நான் நம்பவும் நம்பினேன்.

வீட்டுக்கு விடுகிற அன்று ஒரு மருந்தாளர் வந்தாள். சின்னப் பெண், நல்ல பிள்ளை. போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்துத் தரவா என்று கேட்டாள். அந்த வார்ட்டில் பதினாறு வருடம் குனிந்து நின்றவன், கதிரை போட்டு நிமிர்ந்து இருந்து, "நோ நீட், டியர்," என்றேன். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்! மனைவிக்குக் கணவன், தாய்க்குப் பிள்ளை, ஓசியில் மொழிபெயர்ப்பு. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில், வேறு ஏதாவது எடுக்கிறாவா, வைட்டமின், மூலிகை, இலைக் குளிசை, கடையில் வாங்குகிற எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றாள். பிறகு நடந்ததை நான் உனக்கு எமர்ஜென்சி வாசலில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தாள். "இஞ்சருங்கோ, உதைச் சொல்லிப்போடாதேங்கோ. ஏசுவினம். எனக்கு வெக்கமாயிருக்கு," என்றாள். கண்ணில் நீர்கூட நின்றது. நான் என்ன செய்ய? "ஷீ சேஸ் நோ," என்று சொன்னேன்.

அதன் பிறகு ஏழு மாதம், அவர்களுடைய குளிசையும் என்னுடைய குளிசையும் ஒன்றாகப் போயின. அவள் கைகளில் நீலம் நீலமாகக் கண்டல் வந்தது. நீ தைப்பொங்கலுக்கு வந்தபோது அவள் நீளக்கை ரவிக்கை போட்டிருந்தது அதனால்தான். பல் தீட்டினால் துப்புவதில் சிவப்புத் தெரிந்தது. "இஞ்ச பாருங்கோப்பா, இது ஏன்?" என்று வாயைத் திறந்து காட்டினாள். நான் டோர்ச் அடித்துப் பார்த்து, சத்துக் குறைவு என்று தீர்ப்புச் சொல்லிப் பீற்றூட் சாற்றைக் கூட்டினேன். உள்ளியையும் கூட்டினேன். வார்ட்டில் இப்படிக் கண்டல் பட்ட கைகளை எத்தனை பார்த்திருப்பேன்! இரத்தம் இளகிப்போன ஆட்கள் என்று அப்போது தெரிந்தது. சொந்த வீட்டில் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் என் வைத்தியத்தின் வெற்றிதான். அவளுக்குத் தலைசுற்று இல்லை, மறதி குறைந்துவிட்டது என்று கோயிலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் சொன்னதைக் கேட்டு வேறு இருவரும் வாங்கினார்கள்.

அந்தக் காலை உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். பின்முற்றத்தில், மரக்கறி வருகிற வெள்ளை ரெஜிஃபோம் பெட்டிகளில் நான் வளர்த்த வல்லாரையை அவள்தான் ஆய்ந்து வந்து, குசினியில் அரிந்துகொண்டிருந்தாள். "தலை இடிக்குது," என்றாள். நான் வீடியோவில் இருந்தேன். "தண்ணி குடியும்," என்றேன். பிறகு கத்தி விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வலது கை மேசையில் ஒரு பொருள் போலக் கிடந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தாள். வரவில்லை. மறுபடியும் பார்த்தாள். "ஓம்," என்றாள். அதுதான் வந்தது. இன்றுவரை அதுதான் வருகிறது.

இந்த முறை அடைப்பில்லை, கசிவு. இடப்பக்கம், பேச்சு இருக்கிற இடம். அவளைப் பார்த்த டொக்டர் பெண் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், குளிசைப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, இதனால்தான் என்று நான் சொல்லமாட்டேன், அப்படி எவராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றாள். வயது இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. ஆனால் ஒரே கதவை இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் எப்படியோ அப்படி. உங்களுக்குத் தந்த குளிசை செய்கிற வேலையை இதுவும் கூட நின்று செய்திருக்கலாம், எங்களுக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே நிறுத்தச் சொல்லியிருப்போம் என்றாள். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன்.

அன்று பின்னேரமே மெல்பேர்னிலிருந்து பறந்து வந்து, அந்தப் போத்தலை வீட்டில் தேடிக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவன் நீதான். "அப்பா, இதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல? ஹவ் குட் யூ?" என்று எமர்ஜென்சி வாசலில் கத்தினாய். முப்பத்துநான்கு வயதில் உன் குரல் உடைந்து சின்னப் பிள்ளை போல வந்தது. அப்போதுதான் சட்டைக் கையைப் பிடித்த கதையைச் சொன்னேன். நீ சுவரில் சாய்ந்து நின்றாய். அந்த நேரம் மட்டும், முழுசா அரைவாசியா என்று நீ கேட்கவில்லை.

மூன்றாவது கிழமை அவளைத் தேறுதல் வார்ட்டுக்கு மாற்றிய பிறகு நீ மறுபடியும் மெல்பேர்னிலிருந்து வந்து அவள் கட்டிலருகே இருந்தாய். நான் யன்னலோரம் நின்றேன்.

"அம்மா, நீங்கள்தானோ சொல்ல வேண்டாம் எண்டு சொன்னது?"

"ஓம்."

"ஏனம்மா? உங்கட லைஃப் அம்மா இது. வெக்கம் எண்டிட்டு இப்பிடிச் செய்வினமோ?"

"ஓம். ஓம்."

"பிறகும் ஓமாம்!" என்று எழும்பிப் போய்விட்டாய். அவள் இடது கையைத் தூக்கினாள். நீ கதவைக் கடந்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ போனில் அவளுடைய முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டது குறைந்துபோனது. அவளுக்காகக் கீழ்மாடியில் அறை ஒழுங்கு செய்திருக்கிறாய், மருமகள் மூன்று மாதம் லீவு எடுத்திருக்கிறாள், குளியலறையில் பிடி பூட்டியிருக்கிறாய், எல்லாம் நல்லது. ஆனால் போன கிழமை நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது: "அப்பா, மருந்துக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வாங்கிட்டன். அம்மாவை இனி நம்பேலாது, திரும்பவும் ஒளிப்பா." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தாள்.

சரி, அவளைப் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன், இதில் என் சரக்கு எதுவும் இல்லை, எல்லாம் தேறுதல் வார்ட்டில் சொல்லித் தந்தது. வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதே, தோள் கழன்றுவிடும். தண்ணீரை அவர்கள் தருகிற மாவைக் கலந்து தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாயில் போகும். அவளுக்கு அது பிடிக்காது, முகத்தைத் திருப்புவாள், பொறுத்திரு. நீ ஒரு கேள்வி கேட்டால் பத்து எண்ணும்வரை அடுத்ததைக் கேட்காதே. அவளுக்கு முன்னால் அவளைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதே. கோயிலில் இருந்து வந்த பெண்கள் அவள் முகத்துக்கு நேரே, "பாவம், மறைக்காமல் இருந்திருந்தா இவ்வளவு வந்திருக்குமே," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு எல்லாம் விளங்குகிறது. பேச்சுப் பயிற்சிக்காரி செவ்வாய்க்கிழமை வந்தபோது அதைத்தான் சொன்னாள்: கேட்பது முழுவதும் உள்ளே போகிறது, வெளியே வருவதற்கு ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது, அந்தச் சொல்லை விடை என்று எடுக்காதீர்கள். எனக்குக் காட்டுவதற்காக அம்மாவிடம், நீங்கள் பிறந்தது சிட்னியிலா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். "ஓம்," என்றாள். உங்களுக்கு ஐந்து பிள்ளைகளா? "ஓம்." சொல்லிவிட்டு அவளே தலையை இல்லை என்று ஆட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கட்டிலருகே அன்றைக்கு நீ அவளுடைய தலையைப் பார்க்கவில்லை, மகனே. நான் பார்த்தேன்.

இலை எதுவும் கொடுக்காதே. சமையலில் வருவது வரட்டும்; குளிசையாக, சாறாக எதையும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதே. இதைப் படிக்கிற பென்டில் ஹில் சனத்துக்கும் சொல்கிறேன், என் பேச்சைக் கேட்டு வாங்கிய இருவருக்கும் சொல்கிறேன்: அது வேலை செய்கிற பொருள் என்பதால்தான் சொல்ல வேண்டும். மருந்துக்காரர் கேட்டால் வீட்டு அலுமாரியில் இருப்பதை எல்லாம் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்த இடத்தில் முடித்துக் கையெழுத்துப் போடுவதாகத்தான் தொடங்கினேன். ஆனால் நேற்று நடந்ததை எழுதாமல் இந்தத் தாளை மடிக்க முடியவில்லை. நீ எல்லாப் போத்தலையும் குப்பையில் போட்டாய். ஒன்றை மட்டும், வெறும் போத்தல், அவள் எப்படியோ எடுத்துக் கதிரைக் குஷனுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வைத்திருக்கிறாள். வியாழக்கிழமைகளில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு ஒரு நர்ஸ் வருகிறாள். முதல் தரம் அவள் வந்தபோது அம்மா இடது கையால் அந்தப் போத்தலை இழுத்தெடுத்து அவளிடம் நீட்டினாள். "ஓம், ஓம்," என்றாள். நர்ஸ், "தேங்க் யூ, டார்லிங்," என்று வாங்கி மேசையில் வைத்தாள். "ஷீ லைக்ஸ் த பிக்சர்," என்றேன் நான். மலர்க்குழுத் தம்பி ஒருவன் அவளுடைய சுகம் கேட்டபோது, பார் தம்பி, இன்னும் என் குளிசையில்தான் அவளுக்கு நம்பிக்கை என்று சொன்னேன். இரண்டாவது வியாழன் மறுபடியும் நீட்டினாள். நேற்று மூன்றாவது தரம். நர்ஸ் வாங்கவில்லை, பிரஷர் பட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு அவள் நர்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. மருந்தாளர் வந்த அன்றைக்கு வார்ட்டில் என்னைப் பார்த்த மாதிரியே, சொல்லுங்கோ என்கிற மாதிரிப் பார்த்தாள்.

அன்றைக்கு அவள் என் சட்டைக் கையைப் பிடித்தது உண்மை. கண்ணீர் நான் போட்டது. வெட்கமும் நான் போட்டது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "இஞ்சருங்கோ, உந்த விசிறி இலைக் குளிசையையும் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை எல்லாத்தையும்தானே கேக்குது." நான், "நீர் சும்மா இரும், எனக்குத் தெரியும்," என்றேன். அவள் விடவில்லை. மருந்தாளரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "லீஃப்... லீஃப் டாப்லெட்," என்று தொடங்கினாள். மருந்தாளர் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டு, அவள் கீரை சாப்பிடுவதைச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டு, "ஷீ சேஸ் நோ," என்றேன். சொன்னால் அதை நிறுத்திவிடுவார்கள், அவளைக் காப்பாற்றியது அவர்களுடைய குளிசை என்று ஆகிவிடும், நான் அந்த வார்ட்டில் மறுபடியும் மாப் பிடிக்கிறவன் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. பிறகு எமர்ஜென்சி வாசலில் நீ கத்தியபோது, அவளால் இனி மறுத்துச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

சனிக்கிழமை வந்ததும் பைகளைத் தூக்காதே. முதலில் அவளுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இரு. அந்தப் போத்தலை அவள் நீட்டினால் வாங்கிக்கொள். அம்மா, நீங்கள் சொல்லச் சொன்னீங்கள், அப்பாதான் சொல்லேல்ல என்று அவளுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லு. அந்தப் பூட்டுப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. எனக்கு அங்கே அறை வேண்டாம், வா என்று நீ கூப்பிடவும் வேண்டாம்.

சின்ன வயதில் கேட்டாயே, முழுசா அரைவாசியா என்று. அவள் மறைக்கச் சொன்னாள் என்றது நான் கட்டியது. இது முழுசு.

அப்பா